புறாமலைப் புறாவும் அடம்பன் கொடியும்: யார் ஊர்க்காரர்?

“ஸேர், எங்கட பாடசாலைச் சுற்றாடல் கழகத்தில் புறாமலைப் புறாவையும் அடம்பன் பூவையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று பறவை, மற்றது கொடி. எப்படி ஒப்பிடுறது? இரண்டில் எது திருகோணமலைக்கே உரியது?” என்று கேட்டிருந்தீர், பிள்ளை. இரண்டு வரியில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். உயிரியல் படிப்பித்தவன் கையில் பேனை கிடைத்தால் என்ன நடக்கும் என்று உம்முடைய அம்மாவுக்குத் தெரியும். அவவும் என் வகுப்பில் இருந்தவதானே.

முதலில் ஒன்று. தாளின் நடுவே கோடு கிழித்து இடப்பக்கம் ‘சிறகு உண்டு’, வலப்பக்கம் ‘சிறகு இல்லை’ என்று தொடங்காதேயும். அப்படி எழுதினால் காகத்தையும் கத்தரியையும் வைத்துக்கூட எழுதலாம். உம்முடைய கேள்வியின் கடைசி வரிதான் நல்ல வரி: எது இந்த ஊருக்குரியது? அந்த நுனியைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் கரைவலை மாதிரித் தானாக வரும்.

நிலாவெளிக் கரையில் நின்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி இரண்டு பாறைத் திட்டுகள் தெரியும். பெரியது சுமார் 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம். உச்சி கடல்மட்டத்திலிருந்து 45 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. எழுத்தில் புறாத்தீவு, படகுக்காரர் வாயில் புறாமலை. பிரித்தானியர் காலத்தில் அதைச் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. இன்றைக்குப் போகிறவர்களில் அநேகம் பேர் கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு, முருகைக்கல்லையும் குட்டிச் சுறாவையும் பார்க்கத் தலையைத் தண்ணீருக்குள் வைத்துவிடுகிறார்கள். தீவுக்குப் பெயர் கொடுத்த உயிர் மேலே பாறை வெடிப்பில் இருந்து குனுகிக்கொண்டிருக்கும். அதை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு.

அந்தப் புறா எது? மாடப்புறாதான். கோணேசர் கோயிலடியிலும் சந்தைக் கூரையிலும் நிற்கிற புறாவின் அதே இனம். விஞ்ஞானப் பெயர் கொலும்பா லிவியா. 1789இல் கிமெலின் என்ற விஞ்ஞானி இட்டது. ‘லிவியா’ என்றால் ஈயத்தின் நீலச் சாம்பல். உலகத்தில் மனிதன் வளர்க்கிற எல்லா வீட்டுப் புறாவுக்கும் மூதாதை இந்தப் பாறைப் புறாதான். விசிறிவாலும் கரணப் புறாவும் பந்தயப் புறாவும் இதிலிருந்து வந்தவையே என்று டார்வின் 1859இல் வாதாடினார், அது இன்றுவரை நிற்கிறது. நாங்கள் அதற்கு ‘மாட’ப்புறா என்று பெயர் வைத்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாடம் அதனுடைய பழைய வீடு அல்ல. கடலோரக் குன்றின் வெடிப்புத்தான் பழைய வீடு. பிறகு நாங்கள் கோபுரமும் மாடமும் கட்டினோம். அது அவற்றையும் குன்று என்றே நினைத்துக் குடியேறிவிட்டது. ஆகவே புறாமலையில் நீர் பார்ப்பது, பெயர் வருமுன் இருந்த மாடப்புறாவை.

அந்தப் பறவையின் ஒரு நாளை நினைத்துப் பாரும். தீவில் நெல் விளையாது, குடிக்க நல்ல தண்ணீர் தேடுவதும் கஷ்டம். புறா தானியம் தின்கிற பறவை. காய்ந்த விதையைத் தின்றால் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். ஆகவே விடிந்ததும் சிறு சிறு கூட்டமாகக் கரைக்கு வரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் அதற்குப் பெரிய காரியமல்ல, அதனால் இந்தக் கடல் ஒரு நிமிடத்து வேலை. வயல்வெளியில் சிந்தியதைப் பொறுக்கும். தண்ணீர் குடிப்பதிலும் அது தனி ரகம். கோழி ஒரு வாய் எடுத்து, தலையை அண்ணாந்து விழுங்குவதைக் கண்டிருப்பீர். புறா அப்படிச் செய்யாது. சொண்டைத் தண்ணீருக்குள் வைத்து மாடு மாதிரி ஒரே இழுவையாக உறிஞ்சும். பிறகு திரும்பி அதே பாறை, அதே வெடிப்பு.

‘அதே’ என்ற சொல்லை நன்றாகக் கவனியும். தன் இருப்பிடத்துக்குத் திரும்புவதில் புறாவுக்கு இருக்கிற பிடிவாதம் அபாரமானது. சூரியன் நிற்கும் இடம், பூமியின் காந்தப்புலம், மணம், கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் என்று பலதையும் சேர்த்து வழி பிடிக்கிறது. இந்தக் குணத்தை நம்பித்தான் மனிதர் அதன் காலில் கடிதம் கட்டினார்கள். 1850களில் காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த செய்தியைக் கொழும்புப் பத்திரிகை அலுவலகத்துக்குப் புறாக்கள் சுமந்திருக்கின்றன. தந்திக் கம்பி வந்தபிறகு அவற்றின் வேலை போனது. கதையில் சொல்வதுபோலப் புறா தூது போவதில்லை, பிள்ளை. அது வீட்டுக்குத்தான் போகிறது. செய்தி அதன் காலில் ஒட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

வீடு என்று சொன்னேனே, கூட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாலு குச்சி, கொஞ்சம் சருகு, அதற்குமேல் இரண்டு வெள்ளை முட்டை. தூக்கணாங்குருவி இதைக் கண்டால் வெட்கப்படும். ஆனால் குஞ்சு வளர்க்கிற விதத்தில் புறாவை அடிக்க ஆளில்லை. ஆணும் பெண்ணும் முறை வைத்து 18 நாளளவில் அடைகாக்கும். குஞ்சு பொரித்ததும் இரண்டு பேருடைய இரைப்பையிலும், அதாவது தொண்டைக்குக் கீழே உள்ள அந்தப் பையில், தயிர்க்கட்டி போல ஒன்று ஊறும். புறாப்பால் என்பது அதுதான். கொழுப்பும் புரதமும் நிறைந்தது. முதல் சில நாட்களுக்குக் குஞ்சுக்கு வேறொன்றும் கிடையாது. எங்கள் தாய்மாருக்குப் பால் சுரக்கக் காரணமான புரோலக்ரின் என்ற ஓமோன்தான் புறாவிலும் இதைச் சுரக்கவைக்கிறது. தகப்பனும் பால் கொடுக்கிற குடும்பம் உலகத்தில் எத்தனை இருக்கும்? இன்னொரு நன்மை, குஞ்சுக்குப் புழு பூச்சி தேட வேண்டியதில்லை. பூச்சி குறைந்த மொட்டைப் பாறையிலும் குஞ்சு வளர்க்க அதனால்தான் முடிகிறது.

இனிக் கரைக்கு வாரும்.

மணலில் படர்ந்து கிடக்கிற அடம்பனைச் சின்ன வயதில் நீங்கள் எல்லோரும் இழுத்து ‘கயிறிழுப்பு’ விளையாடியிருப்பீர்கள். ஐபோமியா பெஸ்-கப்ரே என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ‘பெஸ்-கப்ரே’ என்றால் ஆட்டுக்கால். 1753இல் பெயரிட்ட சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸ் அந்த இலையைப் பார்த்து ஆட்டுக் குளம்பை நினைத்திருக்கிறார். எங்கள் சங்கப் புலவர் அதற்கு முன்னமே அடும்பு என்று பெயர் சொல்லி, இலையை மானடிக்கும் பூவைக் குதிரைக் கழுத்து மணிக்கும் ஒப்பிட்டுவிட்டார்கள். எனக்கு மான்தான் சரி. வேறு ஊர்க்காரர் நம்பாவிட்டால் போகட்டும். திருகோணமலைப் பிள்ளை நம்பும். பிரட்றிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் டச்பே கடற்கரை மணலிலும் நடந்து திரிகின்றனவே. ஒரு குளம்படிக்குப் பக்கத்தில் ஓர் அடம்பன் இலையை வைத்துப் படம் எடும். கட்டுரையின் முதல் பக்கத்துக்கு அது போதும்.

கரையோர மணல் செடிக்குக் கொடிய இடம். மேலே வெயில், கீழே சத்தில்லாத மணல், கடலிலிருந்து உப்புத் தூவானம், வாடைக்காலத்தில் அலை வந்து வேரையே கிளப்பும். இந்த வரிசையில் முதலில் நிற்கத் துணிவது அடம்பன். இலை தடித்தது, மெழுகு பூசியது, நடுநரம்போடு இரண்டாக மடிந்து நிற்கும். உச்சி வெயில் முழுவதையும் முகத்தில் வாங்காது. தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். பல மீற்றர் ஓடிய கொடி நடுவில் அறுந்தாலும் இரண்டு துண்டும் பிழைக்கும். காற்று மணலை அள்ளி மேலே மூடினால் அதைத் துளைத்து மேலே வரும். மறுபடி மூடினால் மறுபடி வரும். இப்படி மூடுவதும் முளைப்பதுமாக மணல் அங்கேயே தங்கி மேடாகிறது. அந்த மேட்டில்தான் இராவணன் மீசை என்ற புல்லும் பிறகு தாழையும் மற்றப் பற்றைகளும் காலூன்றுகின்றன.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு நான் நிலாவெளிப் பக்கம் போனபோது கரையில் பச்சை என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த வருஷம் நடுப்பகுதியில் மணல்மேல் முதலில் ஓடியது இந்தக் கொடிதான். வேலி போனவர்கள், வீடு போனவர்கள் அதைத் தாண்டி நடந்தார்கள். நானும் தாண்டித்தான் நடந்தேன். அன்றைக்கு அதை நின்று பார்க்கிற மனநிலை யாருக்கும் இல்லை.

“அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்ற பழமொழியைக் கட்டுரையில் போடாமல் விடமாட்டீர், எனக்குத் தெரியும். மேடைக்கு மேடை கேட்டுச் சலித்த வாசகம். போடும், ஆனால் ஓர் உயிரியல் திருத்தத்தோடு போடும். பலர் சேர்ந்த கூட்டம் என்று நாங்கள் நினைக்கிற அந்தப் பச்சைப் பாய், பல நேரங்களில் ஒரே ஒரு கொடி. ஒரு விதையிலிருந்து முளைத்து, ஓடி, வேரூன்றி, கிளைவிட்டு அந்தப் பரப்பை நிரப்பியிருக்கும். அதில் அதற்கு ஒரு சங்கடமும் உண்டு. தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது அடம்பனுக்கு ஒத்துவராது. வேறொரு கொடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே ஒரே பாயில் நூறு பூ பூத்தும் பிரயோசனமில்லை, அடுத்த பாயிலிருந்து வண்டு வரவேண்டும். காலையில் பூவுக்குள் முழு உடம்பையும் நுழைத்துக்கொண்டு புரளுகிற கருவண்டைக் கண்டிருப்பீர். அடம்பனின் கல்யாணத் தரகர் அவர்தான். இலைக் காம்பிலும் சிறு தேன்சுரப்பிகள் உண்டு. அவை வண்டுக்கல்ல, எறும்புக்கு. எறும்பு அங்கே சுற்றித் திரிந்தால் இலை தின்னவரும் பூச்சி கிட்ட வராது. காவலுக்குக் கூலி.

நிறத்தைப் பற்றியும் ஒரு பந்தி எழுதலாம். இரண்டு உயிரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. புறாவின் கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னுகிறதே, அங்கே பச்சைச் சாயமோ ஊதாச் சாயமோ இல்லை. இறகிழையின் மெல்லிய தோல்படலத்தில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருகிற நிறம். சவர்க்காரக் குமிழியில் வானவில் தெரிகிற அதே வித்தை. அதனால்தான் தலையைத் திருப்பினால் பச்சை ஊதாவாகும். இறகு உதிர்ந்து கையில் கிடந்தாலும் மின்னும். அடம்பன் பூவின் இளஞ்சிவப்பு ஊதாவோ உண்மையான சாயம், கலத்துச் சாற்றில் கரைந்து கிடப்பது. நடுவில் தொண்டை கறுத்திருக்கும், அங்கிருந்து ஐந்து கோடு நட்சத்திரமாக விரியும், வண்டுக்கு வழிகாட்டி. விடியற்காலை விரிந்து, வெயில் ஏறச் சுருண்டுவிடும். ஒரு பூவுக்கு ஒரு காலைதான்.

சரி, ஊர்க்காரர் கேள்விக்கு வருகிறேன். பறக்கிறது ஊர் சுற்றும், வேர்விட்டது ஊரோடு கிடக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இங்கே நேர்மாறு. நினைத்தால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பறக்கக்கூடிய புறா, நிலாவெளிக்கு எதிரே உள்ள அந்தப் பாறையை விட்டுக் குடிபெயராது. அசையமுடியாத அடம்பனோ தன் பிள்ளைகளை உலகம் முழுக்க அனுப்பிவைத்திருக்கிறது. காய் வெடித்தால் நாலு விதை. ஒவ்வொன்றும் பட்டாணியளவு, மேலே மயிர் போர்த்தது, தோல் கல்லுமாதிரி. அலை இழுத்துக்கொண்டு போனால் அமிழாது. உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் மிதந்துவிட்டு, எங்கோ ஒரு கரையில் ஒதுங்கி, மணல் உரசித் தோல் தேய்ந்தபிறகு முளைக்கும். இந்து சமுத்திரம், பசிபிக், அத்திலாந்திக் என்று வெப்பவலயக் கரைகள் எல்லாவற்றிலும் இந்தக் கொடி இருப்பதற்கு அதுதான் காரணம். இந்து சமுத்திரப் பக்கத்துக் கொடிகளின் இலை கொஞ்சம் ஆழமாகப் பிளந்திருக்கும், அதை ஒரு துணையினமாகப் பிரித்திருக்கிறார்கள். மற்றப்படி எல்லாம் ஒரே குடும்பம். நிலாவெளி அடம்பனின் பாட்டி சுமாத்திராவிலிருந்து மிதந்துவந்தவளாகக்கூட இருக்கலாம். தாய்லாந்தில் சொறிமுட்டை (ஜெலிமீன்) கடித்த இடத்துக்கு இதன் இலைச்சாற்றைப் பூசுகிற வழக்கம் உண்டு, இலைச்சாறு அழற்சியைத் தணிப்பதை ஆய்வுகூடத்திலும் கண்டிருக்கிறார்கள். அதற்காகக் கடிபட்டவுடன் வைத்தியசாலைக்குப் போகாமல் இலை பறிக்கத் திரியவேண்டாம்.

ஆகவே என்னைக் கேட்டால் ஊர்க்காரர் புறாதான். இனம் உலகெங்கும் இருக்கிறது, உண்மை. ஆனால் மனிதன் கைபடாத காட்டு மாடப்புறாக் கூட்டம் இலங்கையில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. அவற்றில் பெயர்பெற்றது இது.

‘மனிதன் கைபடாத’ என்று எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கை தயங்குகிறது. இந்தப் புறாவுக்கு வருகிற ஆபத்து துப்பாக்கியாலல்ல, சொந்தக்காரராலே. கூண்டிலிருந்து தப்பிய வீட்டுப் புறா, கோயில் கூரைப் புறா எல்லாம் அதே இனம் என்றேனே; சந்தித்தால் சோடி சேரும். நகரத்திலிருந்து நிலாவெளிக்கு 15, 16 கிலோமீற்றர்தான், புறாவுக்கு அது மாலைநேர உலாத்தல். கலப்புத் தொடர்ந்தால் தீவில் புறா எண்ணிக்கை குறையாது, கூடக்கூடும். ஆனால் ஒருநாள் அங்கே இருப்பது முழுக்கச் சந்தைப் புறாவாக இருக்கும். ஒன்றும் சாகாமலே ஓர் உயிர் இல்லாமற்போகிற விதம் இது. ஸ்கொட்லாந்தின் தீவுகளில் 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இதையே காட்டியது: ஒதுக்குப்புறமான வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளின் புறாக்களில் வீட்டு இரத்தம் ஏறக்குறைய இல்லை, ஓர்க்னித் தீவுகளின் புறாக்களிலோ நிறைய.

கண்ணால் ஓரளவு பிடிக்கலாம். காட்டுப் புறாவின் உடம்பு ஒரே சீரான நீலச் சாம்பல், மடித்த சிறகில் தெளிவான இரண்டு கறுப்புப் பட்டை, மெல்லிய சொண்டு, சொண்டின் அடியில் உள்ள வெள்ளைத் தடிப்புச் சின்னது. வெள்ளை இறகு, செம்மண் நிறம், சிறகில் சதுரங்கப் பலகை போல் புள்ளிகள், பெரிய மூக்குத் தடிப்பு இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டுச் சம்பந்தம் என்று குறித்துக்கொள்ளும். இன்னொரு நுட்பம்: ஐரோப்பியப் பாறைப் புறாவுக்கு முதுகின் கீழ்ப்பகுதி வெள்ளை, எங்கள் பக்கத்துத் துணையினமான இன்ரமீடியாவுக்கு அது சாம்பல். ஆகவே பறக்கும்போது இடுப்பில் வெள்ளை பளிச்சிட்டால் சந்தேகப்படும். சுற்றுலாப் பயணிகள் விட்டுவரும் சோற்றுப் பொட்டலம் காகத்தைத் தீவுக்கு அழைக்கும், காகம் முட்டையை விட்டுவைக்காது. இதையும் ஒரு வரி எழுதும்.

அடம்பனுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. யாரும் அதை வளர்க்கவில்லை, கூண்டில் அடைக்கவில்லை, சொந்த இரத்தம் கெட்டுப்போக வழியில்லை. அதன் எதிரி கம்பி வாரி. கடற்கரையை ‘வெளிநாட்டுப் படம் மாதிரி’ வெறும் வெள்ளை மணலாக வைத்திருக்க விரும்பி ஒரு விடுதியில் ஆள்வைத்துக் கொடியைப் பிடுங்குவதைக் கண்டு, போய்ச் சொல்லிப் பார்த்தேன். “குப்பை, ஐயா” என்றார் மேற்பார்வையாளர். அந்த வருஷ வாடைக்கு அவர்களுடைய கடைசிப் படிக்கட்டு மண்ணரித்து அந்தரத்தில் தொங்கியது. அடுத்த காணியில் கொடி பிடுங்கப்படவில்லை, மேடு அப்படியே நின்றது. ஒரு படிக்கட்டை வைத்து விஞ்ஞானம் பேசக்கூடாது என்று உமக்கு நானே படிப்பிக்கவேண்டியவன். ஆனாலும் மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. பிடுங்கிய இடத்திலும் கடல் திரும்ப விதை கொண்டுவந்து போடும் என்பதால் அடம்பன் இனத்துக்குப் பயப்படத் தேவையில்லை; அது இல்லாத கரைக்குத்தான் பயப்படவேண்டும். புறாவின் நிலை வேறு. அந்தப் பாறையில் போனால் போனதுதான், கடல் இன்னொன்றைக் கொண்டுவந்து தராது.

எழுத முன்னம் நேரில் பாரும். வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை கடல் சாது; தீவுக்குப் படகில் போகலாம், அனுமதிச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்தில் எடுக்கவேண்டும். அண்ணாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போம். பாறையில் ஏறிக் கூட்டைத் தேடாதேயும், கீழே நின்றே பார்க்கலாம். இருபது புறாவை எண்ணி, எத்தனை சுத்தச் சாம்பல், எத்தனை கலப்பு என்று குறித்துக்கொள்ளும். படகுக்குப் போகமுதல் கரையில் அடம்பனைப் பார்த்து வரைந்துவிடும், காலை ஒன்பது மணிக்குள். திரும்பி வந்து வரைவோம் என்று விட்டால் சுருண்ட பூவைத்தான் வரைவீர்.